பெருங்குடலில் எந்தப் பகுதி? சுண்டெலி ஆய்வுச் செய்திகளில் விடுபடும் விவரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் குடல் அழற்சி பற்றிய ஆய்வு ஒன்றை விளக்கிய கட்டுரை, சுண்டெலியின் பெருங்குடல் மனிதப் பெருங்குடலின் சிறிய வடிவம்தான் என்று எழுதியிருந்தது. உடன் வெளியான படத்தில் குடல்வால் இருந்தது. பெருங்குடலின் நீண்ட குழாய்ப் பகுதியான கோலன் முழுக்கப் பை பையாகப் புடைத்திருந்தது. சுண்டெலிக்குக் குடல்வால் கிடையாது, அந்தப் புடைப்புகளும் கிடையாது. ஓவியர் செய்த பிழை என்று இதை விட்டுவிட மனம் வரவில்லை. இந்தப் படத்தை நம்பி ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர் தவறான இடத்தில் கத்தரிக்கோலை வைப்பார். குடல் நோயோடு வாழும் வாசகர், இப்படிப்பட்ட ஆய்விலிருந்து ஒரு மருந்து தன்னை எட்ட இன்னும் எவ்வளவு தூரம் என்பதைத் தவறாகக் கணிப்பார். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுண்டெலியிலும் எலியிலும் பெருங்குடல் என்பது சீக்கம், கோலன், மலக்குடல் என்ற மூன்றும் சேர்ந்ததே. பெயர்கள் நமக்குள்ளவைதான், அளவும் வேலையும் வேறு. வயிற்றைத் திறந்ததும் கண்ணில் படுவது சீக்கம். ஒரு முனை மூடிய, வளைந்த, பச்சையும் பழுப்பும் கலந்த குழம்பு நிறைந்த பை அது. வளர்ந்த சுண்டெலியில் 3 முதல் 4 செ.மீ. நீளம், எலியில் 5 முதல் 7 செ.மீ. அதே சுண்டெலியின் கோலனையும் மலக்குடலையும் சேர்த்து அளந்தாலே 8 முதல் 10 செ.மீ.தான் வரும். மனிதரிலோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பெருங்குடலின் தொடக்கத்தில் சீக்கத்துக்கு இருப்பது 6 செ.மீ. அளவு இடம். எலி வகைகளில் சீக்கம் ஒரு முக்கிய உறுப்பு. நம்மிடம் அது ஒரு நுழைவாயில், அவ்வளவே.

அந்தப் பைக்குள் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்க வைத்துக் குறுகிய சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன; அவை அங்கேயே உறிஞ்சப்படுகின்றன. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் அங்கே உருவாகின்றன. ஆனால் உணவு சிறுகுடலைத் தாண்டி வந்துவிட்ட பிறகு உருவாகும் வைட்டமின் பி12 உடலில் சேர வேண்டுமானால் மறுபடி வாய் வழியே போயாக வேண்டும். எலிகள் தம் மலத்தைத் தாமே தின்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூண்டு அசுத்தமாக இருப்பதால் வரும் கெட்ட பழக்கம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. கம்பி வலைத் தளம் போட்டாலும் இது முழுவதும் நிற்காது. மலவாயிலிருந்து நேராகவே எடுத்துத் தின்னும்.

குடல்வாலுக்குப் பதிலாகச் சீக்கத்தின் மூடிய நுனியருகே ஒரு நிணத்திசுத் திட்டு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சுவரில் சற்றே வெளிறிய தடிப்பாகத் தெரியும். புதிதாக அறுப்பவர்கள் இதைக் கட்டி என்றோ புண் என்றோ குறித்துவிடுவது உண்டு. இன்னொரு குழப்பம் மறுமுனையில். சிறுகுடல் உள்ளே வரும் வாயும் கோலன் வெளியேறும் வாயும் அருகருகே இருக்கின்றன. எது எது என்று தெரியாமல் சிறுகுடலின் கடைசித் துண்டை வெட்டி எடுத்துக் கோலன் என்று சீட்டு ஒட்டிய புட்டிகள் ஆய்வகங்களில் அபூர்வமல்ல. திறந்து பார்த்தால் ஐயமே இருக்காது: சிறுகுடலில் விரல் போல நீட்டிய நுண்ணிய குடலுறிஞ்சிகள் இருக்கும், கோலனில் இருக்காது. திறக்காமலே கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. கோலன் தொடங்கும் இடத்திலேயே அதன் சுவர் வழியாகச் சாய்ந்த வெண்கோடுகள் தெரியும். இரு பக்கமும் சரிந்து மீன்முள் போல அடுக்கியிருக்கும். அந்தக் கோடுகள் தெரியும் குழாய்தான் கோலன்.

இந்தக் கோடுகளைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அவை குடலின் உட்பரப்பை மூடிய கோழைப்படலத்தின் மடிப்புகள். சீக்கத்தை ஒட்டிய முன்கோலனில் மடிப்புகள் குறுக்காகவும் சாய்வாகவும் ஓடும். நடுக்கோலனில் தட்டையாகி மறையும். பின்கோலனில் மடிப்புகள் குடலின் நீளவாக்கில் ஓடும். முன்கோலனில் இருப்பது இளகிய குழம்பு. நடுப்பகுதியைத் தாண்டினால் தனித்தனி மலத்துகள்களும் அவற்றுக்கிடையே ஒடுங்கிய குடலும் தெரியும். மனிதரில் அப்படியல்ல, பிறைவடிவ மடிப்புகள் கோலன் நெடுகக் குறுக்காகவே இருக்கும். நம் கோலனின் வெளித்தசை மூன்று பட்டைகளாகத் திரண்டு குடலைச் சுருக்கிப் பிடிப்பதால்தான் அந்தப் பை பையான தோற்றம். சுண்டெலியிலும் எலியிலும் வெளித்தசை முழுச் சுற்றாக, ஒரே உறையாக இருக்கிறது. பட்டை இல்லை, ஆகவே புடைப்பும் இல்லை. இடுப்புக்குள் எஸ் எழுத்தாக வளையும் சிக்மாய்டு பகுதியும் அவற்றுக்கு இல்லை. ஏறுகோலன், குறுக்குக்கோலன், இறங்குகோலன் என்று நூல்களில் பெயரிட்டிருந்தாலும் கண்ணால் பார்த்து எல்லை போட முடிவதில்லை. முன், நடு, பின் என்று சொல்வதே நேர்மையானது.

பகுதிக்குப் பகுதி நுண்ணமைப்பும் மாறுகிறது. சுரப்பிக் குழிகள் முன்கோலனில் குட்டையாகவும் பின்கோலனில் ஆழமாகவும் இருக்கும். கோழை சுரக்கும் கோப்பை வடிவச் செல்கள் சீக்கத்தில் குறைவு. சுண்டெலியின் பின்கோலனில் செல்களை ஒட்டி ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் தடிப்பில், பாக்டீரியா நுழையாத ஓர் உட்கோழை அடுக்கு இருப்பது 2008-இல் காட்டப்பட்டது. இரத்த ஓட்டத்திலும் பிரிவு உண்டு: சீக்கத்துக்கும் முன்கோலனுக்கும் குடலைத் தாங்கும் சவ்வு வழியே வரும் ஒரு குடல்தாங்கித் தமனி, பின்கோலனுக்கு வேறொன்று. ஆக, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி எடுத்த துண்டு வேறு கதை சொல்லும். ஓர் ஆய்வகம் முன்கோலனை எடுத்து, இன்னோர் ஆய்வகம் பின்கோலனை எடுத்து, இருவரும் 'கோலன்' என்று மட்டும் எழுதினால் முடிவுகள் முட்டிக்கொள்ளும். எந்த மருந்தின் மீதும் அதற்குப் பழி போட முடியாது.

இனி நோய்க்கு வருவோம். செய்தித்தாள்களில் வரும் சுண்டெலிக் குடல் அழற்சி ஆய்வுகளில் பெரும்பகுதி டிஎஸ்எஸ் என்று சுருக்கமாக வழங்கும் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியத்தால் உண்டாக்கப்பட்ட அழற்சியைப் பற்றியவை. குடிநீரில் 2 முதல் 5 சதவீதம் கலந்து 5 முதல் 7 நாட்கள் கொடுப்பார்கள். எடை குறையும், மலம் இளகி இரத்தம் வரும், கோலன் குட்டையாகும். 1985-இல் ஹாம்ஸ்டரிலும் 1990-இல் சுண்டெலியிலும் விவரிக்கப்பட்ட முறை இது. பாதிப்பு பின்கோலனில்தான் அதிகம். மனிதரின் பெருங்குடலில் புண்ணோடு வரும் நாட்பட்ட அழற்சியான அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் மலக்குடலில் தொடங்கி மேலேறுவதால் இடம் ஒத்துப்போவது போலத் தோன்றும். காரணம் ஒத்துப்போவதில்லை. டிஎஸ்எஸ் குடலின் உட்பரப்பை மூடிய மேலணிச் செல்களை நேரடியாகச் சிதைக்கிறது; நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி-செல்களே இல்லாத சுண்டெலிக்கும் இந்த அழற்சி வரும். கொடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் புண் தானாகவே ஆறத் தொடங்கும். ஆகவே 'மருந்து கொடுத்ததும் சுண்டெலி குணமானது' என்ற வரியைப் படிக்கும்போது, மருந்து கொடுத்தது டிஎஸ்எஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதா, நிறுத்திய பிறகா என்பது தெரிந்தாக வேண்டும்.

புற்றுநோயில் இடப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. மனிதரில் கட்டி வராமல் தடுக்கும் ஏபிசி மரபணு பிறவியிலேயே பழுதாக இருந்தால் கோலனில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்கள் எனப்படும் சிறு திசுவளர்ச்சிகள் முளைக்கும். 1990-இல் விவரிக்கப்பட்ட 'மின்' என்ற சுண்டெலி வகையிலும் பழுது அதே மரபணுவில்தான். ஆனால் அதன் கட்டிகளில் பெரும்பாலானவை சிறுகுடலில் வருகின்றன. அந்தச் சுண்டெலியில் கட்டிகள் பாதியாகக் குறைந்தன என்ற ஆய்வு நம் பத்திரிகைகளில் 'பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்து' என்று தலைப்பாகிவிடுகிறது. கோலனிலேயே கட்டி வர வேண்டுமென்றால் அசாக்ஸிமீத்தேன் என்ற புற்றூக்கி வேதிப்பொருளை ஊசியாகப் போட்டு, பிறகு டிஎஸ்எஸ் கொடுக்கும் முறை இருக்கிறது. அதில் கட்டிகள் நடுக்கோலனிலும் பின்கோலனிலும் வரும். கல்லீரலுக்குப் பரவுவது அரிது. நம் நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பதோ அந்தப் பரவல்தான்.

ஆய்வகத்துக்குப் போகும் மாணவர்களுக்காக நடைமுறையையும் எழுதிவிடுகிறேன். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் எல்லாம் நடக்கிறது. தவறான துண்டை எடுத்தால் அந்த விலங்கு வீண், அந்தக் கேள்விக்கு இன்னொரு விலங்கு தேவைப்படும்.

உயிர் பிரிந்த சில நிமிடங்களிலேயே குடலின் மேலணி தானாகக் கரையத் தொடங்குவதால் குடலை முதலில் எடுக்க வேண்டும். கல்லீரலும் மண்ணீரலும் காத்திருக்கும். சீக்கத்தைத் தூக்கிப் பிடித்து, கோடுகள் தெரியும் குழாயைக் கண்டுகொண்டு, அதன் வழியே பின்னால் போக வேண்டும். மலக்குடலின் கடைசிப் பகுதி இடுப்பெலும்புக்குள் இருக்கிறது. எலும்பை வெட்டித் திறக்காமல் இழுத்தால் அது அறுந்து உள்ளேயே தங்கிவிடும். அழற்சி அதிகமாக இருக்கும் இடமே கையை விட்டுப் போகும். மலவாயைச் சுற்றிய தோலின் சிறு வளையத்தோடு எடுப்பது பாதுகாப்பு.

நீளம் அளப்பதில்தான் அதிகப் பிழை நடக்கிறது. டிஎஸ்எஸ் ஆய்வுகளில் கோலன் குட்டையாவதே ஒரு முக்கிய அளவுகோல்; நல்ல நிலையில் 8 செ.மீ. இருந்தது 5, 6 செ.மீ. ஆகும். குடல்தாங்கிச் சவ்வைக் குடலை ஒட்டி முழுதாக வெட்டாவிட்டால் கோலன் சுருண்டே கிடந்து குறைவாகக் காட்டும். இரண்டு முனையையும் இடுக்கியால் பிடித்து நேராக்கினால் ஒரு சென்டிமீட்டர் சாதாரணமாகக் கூடிவிடும். ஈரமான வடிதாள் மேல் இழுக்காமல் கிடத்தி, சீக்கத்திலிருந்து கோலன் பிரியும் இடத்திலிருந்து மலவாய் வரை அளப்பதே முறை. எல்லா விலங்குகளையும் ஒரே ஆள் அளக்க வேண்டும்; எது மருந்துக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது.

கழுவுவதற்குக் குளிர்ந்த பாஸ்பேட் உப்புக் கரைசலும் நுனி மழுங்கிய ஊசியும் போதும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் மேலணி உரிந்துவிடும். நுண்ணோக்கியில் அது புண் போலவே தெரியும். பிறகு குடல்தாங்கி ஒட்டியிருந்த கோட்டின் வழியே நீளவாக்கில் திறந்து, மலவாய் முனையை நடுவில் வைத்துச் சுருட்டி, குண்டூசியால் குத்தி வைப்பார்கள். 1981-இல் விவரிக்கப்பட்ட 'சுவிஸ் ரோல்' முறை இது. ஒரே வெட்டில் பின்கோலனிலிருந்து முன்கோலன் வரை வரிசையாகப் பார்க்கலாம். எந்தப் பகுதியை எடுத்தோம் என்ற தகராறே வராது. இறுக்கிச் சுருட்டினால் குழிகள் நசுங்கும், தளர்வாகச் சுருட்டினால் அவிழ்ந்துவிடும். ஆய்வுக்குச் சிறு துண்டுதான் வேண்டும் என்பவர்கள் அளவுகோலை வைத்து மூன்றாக வெட்டுவதை விட மடிப்பின் திசையைப் பார்த்து வெட்டலாம். அழற்சியில் குடல் சுருங்கும்போது சென்டிமீட்டர் கணக்கு பொய்த்துவிடும், மடிப்பு பொய்க்காது.

பதப்படுத்த நடுநிலையாக்கிய 10 சதவீத ஃபார்மலின், அதாவது கடையில் வரும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தாங்கல் கரைசல் ஒன்பது பங்கு. திசுவின் அளவைப் போல் 10 முதல் 20 மடங்கு ஊற்றி, ஒரு நாள் வைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். சீக்கத்தை மட்டும் மூடிய பையாக அப்படியே போட்டுவிடக் கூடாது. ஃபார்மலின் உள்ளே போய்ச் சேர்வதற்குள் உள்ளிருக்கும் குழம்பு கோழைப்படலத்தைக் கெடுத்துவிடும். திறந்து போட வேண்டும், அல்லது ஃபார்மலினை உள்ளே செலுத்த வேண்டும். கோழை அடுக்கைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கழுவவே கூடாது. ஃபார்மலினும் உதவாது, நீர் கலந்த எதிலும் அந்த அடுக்கு குலைந்துவிடும். மலத்துகளோடு சேர்த்தே ஒரு துண்டை வெட்டி, எத்தனால் 60, குளோரோஃபார்ம் 30, அசிட்டிக் அமிலம் 10 என்ற விகிதத்தில் கலந்த கார்னாய் திரவத்தில் போட வேண்டும்.

மரபணு வெளிப்பாடு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஎஸ்எஸ், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ-வோடு ஒட்டிக்கொண்டு வந்து, அதை அளக்க உதவும் பிசிஆர் சோதனையின் நொதிகளை முடக்கும். நோயுற்ற குழுவில் மட்டும் எல்லா மரபணுக்களும் 'குறைந்தது' போல் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். லித்தியம் குளோரைடால் ஆர்என்ஏ-வை வீழ்படிவாக்கிச் சுத்தம் செய்தால் சரியாகும்.

நுண்ணோக்கியில் ஏமாறும் இடங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பொய்யான புற்றுநோயை உண்டாக்கிவிடுகிறது. கோலன் சுவரில் ஆங்காங்கே நிணத்திசு முடிச்சுகள் உள்ளன. அந்த இடங்களில் சாதாரணச் சுரப்பிக் குழிகளே கோழைப்படலத்தின் அடித்தசையைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும். நாட்பட்ட அழற்சியிலும், மலக்குடல் வெளித்தள்ளிய சுண்டெலிகளிலும் இது அதிகம். அடுக்கைத் தாண்டிய சுரப்பி என்றாலே ஊடுருவும் புற்று என்று எண்ணுபவர் இதைப் புற்று என்று எழுதிவிடுவார். செல்களின் வடிவம் ஒழுங்காக இருக்கிறதா, சுற்றிலும் நிணத்திசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும். சாய்வாக வெட்டப்பட்ட குழியும் இப்படித்தான் பல அடுக்குச் செல்கள் உள்ளதாகக் காட்டி ஏமாற்றும்.

ஆய்வு தொடங்கும் முன்பே குடலை மாற்றிவிடும் சங்கதிகளும் உண்டு. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்படும் சுண்டெலியில், கோழையைச் சிதைக்க ஆளில்லாமல் நீர் கோத்துச் சீக்கம் பல மடங்கு வீங்கும். சில நேரம் முறுக்கிக்கொண்டு விலங்கே இறக்கும். தொடர்ந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் சீக்கம் வீங்கும். அழற்சியை அடக்கும் ஐஎல்-10 புரதத்தின் மரபணு நீக்கிய சுண்டெலிக்குக் குடல் அழற்சி வரும் என்று 1993-இல் காட்டப்பட்டது. நுண்ணுயிரற்ற கூண்டில் அதே சுண்டெலிக்கு வருவதில்லை. ஒரே கூண்டில் இருப்பவை ஒன்றின் மலத்தை ஒன்று தின்பதால் ஒரு கூண்டு முழுக்க ஒரே நுண்ணுயிர்க் கூட்டம்தான் இருக்கும். மருந்துக் குழுவை ஒரு கூண்டிலும் ஒப்பீட்டுக் குழுவை இன்னொரு கூண்டிலும் வைத்தால் மருந்தை ஒப்பிடுகிறோமா, கூண்டை ஒப்பிடுகிறோமா என்றே தெரியாது. கீரிப்பூச்சி வகைப் புழுக்கள் இன்னொரு தொல்லை. சிஃபேசியா சீக்கத்தில் வாழ்ந்து மலவாயைச் சுற்றி முட்டையிடும், ஒட்டும் நாடா வைத்துப் பார்த்தால் அகப்படும். ஆஸ்பிகுலூரிஸ் வாழ்வது முன்கோலனில், மலவாயருகே முட்டையிடாது. நாடாச் சோதனையில் ஒன்றுமில்லை என்று எழுதிய கூண்டிலும் அது இருக்கலாம். மலத்தைச் சோதிக்க வேண்டும்.

கினிப்பன்றியையும் ஹாம்ஸ்டரையும் இவற்றோடு ஒரே சொல்லில் 'எலி' என்று சேர்த்துவிடக் கூடாது. கினிப்பன்றியின் சீக்கம் 15 முதல் 20 செ.மீ. நீளம், வயிற்றின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். மூன்று தசைப் பட்டைகளும் பை பையான புடைப்புகளும் அதன் சீக்கத்தில் உண்டு. பென்சிலின் போட்டாலே இறந்துபோகக்கூடிய விலங்கு அது. ஹாம்ஸ்டரும் அப்படியே. கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்த ஹாம்ஸ்டர்களின் சீக்கக் குழம்பிலிருந்துதான், அப்போது கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று அழைக்கப்பட்ட பாக்டீரியாவின் நச்சு 1970-களின் இறுதியில் இனங்காணப்பட்டது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் மனிதருக்கு வரும் கடும் குடல் அழற்சியின் காரணம் அதன் வழியே தெரிந்தது. ஹாம்ஸ்டரில் சேதம் முக்கியமாகச் சீக்கத்தில், மனிதரில் கோலனில். இடம் வேறு என்பதைத் தெரிந்தே செய்ததால் அந்த ஆய்வு பயன் தந்தது.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இத்தகைய செய்திகளில் விலங்கின் பெயர், குடலின் பகுதி, நோய் எப்படி உண்டாக்கப்பட்டது என்ற மூன்றையும் முதல் பத்திக்குள் தாருங்கள். 'குடல் புற்றுநோய்க்குப் புதிய மருந்து' என்பதற்குப் பதிலாக, 'ஏபிசி மரபணு பழுதான சுண்டெலிகளின் சிறுகுடலில் கட்டிகள் குறைந்தன' என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதாவிட்டால் அடுத்த வரியில் எழுதலாம். மூல ஆய்வுக் கட்டுரையின் 'முறைகள்' பகுதியில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால், ஆய்வாளர்கள் பகுதியைக் குறிப்பிடவில்லை என்பதையும் செய்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.